நீலத் தெரு

நிலத்தடி நீர் அளக்க வந்த ஞானதுரை, வீட்டுக்குப் பின்னால் இருந்த ஆழ்துளைக் கிணற்றில் நாடாவை இறக்கினார். அடிவரை போய்த் திரும்பிய நாடாவின் நுனியில் புழுதிதான் ஒட்டியிருந்தது.

“இப்பவாவது நம்புதீங்களா சார்?” என்றாள் அந்த வீட்டுக்காரி மாரிக்கனி.

அவர் எப்போதோ நம்பிவிட்டார். நம்ப வேண்டியது அலுவலகத்தின் தண்ணீர் வரைபடம். கிழக்கே ஒரு கிணற்றிலும் மேற்கே ஒரு கிணற்றிலும் தண்ணீர் இருந்ததால், நடுவில் உள்ள இந்தத் தெருவிலும் இருந்துதான் ஆக வேண்டும் என்று அது கணக்குப் போட்டு நீலம் பூசியிருந்தது. ஓட்டுநர் இல்லாத தண்ணீர் லாரிகள் தண்ணீர் இல்லை என்று அது சிவப்பு பூசிய தெருக்களில் மட்டுமே நின்றன.

அவர் கைக்கருவியில் ‘தண்ணீர் இல்லை’ என்று பதிந்தார். உடனே பதில் வந்தது: ‘அக்கம்பக்கத்தோடு பொருந்தவில்லை. அளவு தவறு. நீக்கப்பட்டது.’

“என்ன சொல்லுது?”

“நான் தப்பா அளந்துட்டேனாம், தாயி.”

காலையிலிருந்து இந்தத் தெருவில் வீட்டுக்கு வீடு இதையேதான் சொல்லிக்கொண்டு வந்தார். நாடாவைச் சுருட்டினார். தொண்டை வறண்டிருந்தது. நீல வீடுகளில் அவர் தண்ணீர் கேட்பதில்லை.

அவர் கேட்காமலேயே மாரிக்கனி உள்ளே போனாள். சிவப்புத் தெருவிலிருக்கும் நாத்தனார் வீட்டிலிருந்து விடியுமுன் சுமந்துவந்த குடத்தைச் சாய்த்து, ஒரு செம்பு நிறையக் கொண்டுவந்தாள். அவர் அண்ணாந்து ஒரு மிடறு மட்டும் குடித்துவிட்டுச் செம்பை நீட்டினார்.

அவள் வாங்கவில்லை.

“நல்லாக் குடிங்க சார். நீலத் தெருவுக்கு வந்துட்டு யாராவது தாகத்தோட போவாங்களா?”