ராணி வெட்டுகிறாளா, கட்டுகிறாளா?

“அய்யோ அத்தே! என்னையத் தனியா விட்டுட்டுப் போயிட்டீகளே!”

தேயிலை எஸ்டேட்டின் காலை மஸ்டரில் பேர் வாசித்துக்கொண்டிருந்த கங்காணி பாண்டித்துரை நிமிர்ந்து பார்த்தார். கொழுந்துக்கூடையை வீசி எறிந்துவிட்டு மாரில் அடித்துக்கொண்டு நின்றாள் மாரீஸ்வரி. ஆளுக்கொரு பக்கம் அவளைத் தாங்கிப் பிடித்தபடி சிநேகிதிகள் பூமாரியும் இந்துவும் மூக்கை உறிஞ்சினார்கள்.

“யாரு, போடியில மக வீட்டுல இருக்க உங்க மாமியார் வேலுத்தாய் அம்மாவா? நல்லாத்தானே இருந்துச்சு?”

“விடியக்காலைல போயிட்டாகளாம் அண்ணே. இப்பத்தான் தாக்கல் வந்துச்சு.”

பாண்டித்துரை தொப்பியைக் கழற்றினார். “ஒரு வார்த்தை துட்டி கேட்டுட்டு வாரேன்” என்று போனோடு ஷெட்டுக்குப் பின்னால் நகர்ந்தார். அதுவரை நடிப்பாக இருந்த மாரீஸ்வரியின் அழுகை அந்த நிமிஷத்தில் நிஜமாகிவிட்டது. அவளுடைய மாமியார் இந்நேரம் போடியில் ஐந்தாவது இட்லியில் இருப்பார்.

பெர்மனென்ட் ஆகப்போகிறவர்களின் லிஸ்டை இந்த வாரம்தான் பாண்டித்துரை எழுதுகிறார். ஆறு வருஷமாகத் தற்காலிகமாகவே கொழுந்து கிள்ளி விரல் கறுத்துப்போனவள் மாரீஸ்வரி. பொய் வெளியே வந்தால் அவள் பேர் அந்த லிஸ்டில் இருக்காது.

ஆனால் மத்தியானம் இரண்டு மணிக்கு தேவிகுளத்தில் ‘ஏலராணி சபதம்’ அல்லவா! அந்த இசை நாடகம் என்றால் மூவருக்கும் உயிர். கோயில் கொடை விழாக்களில் மூன்று தடவை பார்த்தாயிற்று, பாட்டெல்லாம் தலைகீழ்ப் பாடம். மூன்று தடவையும் சொல்லி வைத்தாற்போல் கடைசிக் காட்சியில் மழை கொட்டி ஆட்டத்தைக் கலைத்துவிட்டது. அந்தப் பாழாய்ப்போன சேனாபதியை ராணி வெட்டுகிறாளா, கட்டிக்கொள்கிறாளா என்பது இன்றுவரை தெரியாது.

இன்றைக்கு நூறாவது ஆட்டம் என்று ஸ்பெஷலாக மண்டபத்துக்குள்ளேயே நடத்துகிறார்கள். தலைக்கு மேலே கூரை! இதை விட்டுவிட்டு வேலைக்குப் போக அவள் என்ன பைத்தியமா? புருஷன் வேறு லாரியோடு ஆந்திரா போயிருந்தான், மாமியாரைச் சாகடிக்க அதைவிடத் தோதான நாள் அமையாது.

பாண்டித்துரை துண்டால் வாயைப் பொத்தியபடி திரும்பி வந்தார். மீசை துடித்தது. பாவம், துக்கத்தை அடக்குகிறார்.

“வேலுத்தாய் அம்மா நம்பருக்கே போட்டேன். ஒரு பொம்பள எடுத்துச்சு. விஷயம் உண்மைதான்னு சொல்லிருச்சு. கெளம்பு தாயி. துணைக்கு இவங்க ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போ.”

லயத்து வீடுகளின் வளைவு திரும்பியதும் மாரீஸ்வரி பூமாரியின் கையைப் பிடித்தாள். “ஏட்டி, உண்மைதான்னு சொன்னது யாருட்டி?”

“ராங் நம்பரா இருக்கும். எதக் கேட்டாலும் ஆமான்னு சொல்லுற மனுசி போல. மவராசி நல்லா இருக்கட்டும்.”

துட்டிக்குப் போகிற நூல் சேலையில் ஜீப் ஏறியவர்கள், தேவிகுளத்தில் இறங்கும்போது தலை நிறையக் கனகாம்பரம் வைத்திருந்தார்கள். வழியில் மலைச்சரிவில் கொழுந்து எடுக்கிற ஒரு தலைகூடத் தென்படவில்லை. “மழை வரும்னு ஆளுகள சீக்கிரமே ஏத்திட்டாங்களோ?” என்றாள் இந்து. பூமாரி அதற்குள் முதல் பாட்டை எடுத்துவிட்டதால் யாரும் அதைக் காதில் வாங்கவில்லை.

விளக்கை அணைத்த பிறகே முக்காடு போட்டுக்கொண்டு உள்ளே நுழைந்து முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். மேடையில் பாடினவர்களைவிட இவர்கள் மூவரும்தான் அதிகம் பாடினார்கள். ஒருவழியாகக் கடைசிக் காட்சி வந்தது. சேனாபதி மண்டியிட்டான், ராணி வாளை உருவினாள், ஆர்மோனியம் நின்றது.

‘பீஈஈப்!’

பின்னாலிருந்து ஒரு விசில். வாயால் அடிக்கிற விசில் இல்லை, கொழுந்து நிறுக்கக் கூப்பிடுகிற கங்காணி விசில். எத்தனை வருஷப் பழக்கம்! மூன்று பேரும் சடாரென்று எழுந்து கூடையைத் தேடினார்கள். அவர்கள் மட்டுமா? பின்னால் நாலு வரிசையும் எழுந்து நின்று கூடையைத் தேடியது.

விளக்கு எரிந்தது. நாலு வரிசை நிறைய அவர்கள் டிவிஷன் ஆட்கள். நடுவே, உற்சாகத்தில் ஊதிய விசில் வாயிலேயே இருக்க, பாண்டித்துரை. மாரீஸ்வரி மேடைப் பக்கம் திரும்புவதற்குள் திரை விழுந்துவிட்டது. வெட்டினாளோ, கட்டினாளோ, நாலாவது தடவையும் போச்சு.

“அண்ணே, லிஸ்ட்ல எம்பேர வெட்டிராதீக!”

“ஒம்பேர எப்படித் தாயி வெட்டுவேன்? முப்பது வருஷம் நம்ம டிவிஷன்ல கொழுந்து கிள்ளுன மனுசி போயிட்டா, வழக்கப்படி ஒருத்தரும் கூடை தூக்கக் கூடாதுல்ல? எஸ்டேட் துரைகிட்ட அதச் சொல்லித்தானே எல்லாருக்கும் லீவு வாங்கியிருக்கேன்.”

அப்படி ஒரு வழக்கம் இருப்பதே பதற்றத்தில் அவளுக்கு மறந்துபோயிருந்தது. போன உயிர் திரும்பி வந்தது. ஒரே ஒரு சந்தேகம்தான் மிச்சம்.

“அப்ப, போன்ல உண்மைதான்னு சொன்ன பொம்பள யாரு?”

பாண்டித்துரையின் மீசை மறுபடியும் துடித்தது. பக்கத்து நாற்காலியில் குளிருக்குத் தலையோடு கம்பளி போர்த்தியிருந்த உருவம் மெதுவாக அதை விலக்கியது. வேலுத்தாய்!

“நாந்தாண்டி எடுத்தேன். ‘ஆமா, விடியக்காலைல செத்துட்டேன், எனக்கும் ஒரு டிக்கெட் எடுத்து வைங்க’ன்னு சொன்னேன்.”