மூன்று நாள் உண்டியல்

"திறங்க மேடம். உள்ள ஒண்ணும் இல்லைன்னா இப்பவே டீ.சி.யில கையெழுத்துப் போட்டுருவோம்" என்றார் தாளாளர் ஞானசம்பந்தம்.

தலைமையாசிரியை நீலாயதாட்சி தன் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார். உண்டியலுக்கு இரண்டு பூட்டுகள். ஒரு சாவி அவரிடம், மற்றது தாளாளரிடம். பூட்டுகள்மேல் துணி சுற்றி வைத்த அரக்கு முத்திரை கலையாமல் இருந்தது. தாளாளர் பல வருடம் கோயில் காரியம் பார்த்தவர். உண்டியல் என்றால் அவருக்கு ஒரே முறைதான்.

காரைக்குடியை ஒட்டிய அந்தத் தனியார் பள்ளியில், போன வாரம் பத்தாம் வகுப்பு கதிரவனின் பையில் ஒரு கத்தி அகப்பட்டது. பஸ் ஏறும் இடத்தில் மறித்து அடிக்கிறார்கள், பயத்துக்கு வைத்திருந்தேன் என்றான். யார் அடித்தது என்று கேட்டால் வாய் திறக்கவில்லை. "நான் மட்டுமா கொண்டு வாரேன்" என்றதோடு சரி. பொதுத்தேர்வுக்குப் பெயர்ப் பட்டியல் போய்விட்டது. இந்த நேரத்தில் வெளியே அனுப்பினால் வேறு எந்தப் பள்ளியிலிருந்தும் அவன் இந்த வருடம் தேர்வு எழுத முடியாது.

அன்றே அனுப்பச் சொன்னார் தாளாளர். நீலாயதாட்சி மறுத்தார். பையைத் துழாவினால் பிள்ளைகள் ஒளிக்கத்தான் பழகுவார்கள்; யாரும் கேட்க மாட்டார்கள் என்று தெரிந்தால் தாங்களே கொண்டுவந்து போட்டுவிடுவார்கள் என்று வாதாடினார். கோயில் உண்டியலில் யார் என்ன போட்டார்கள் என்று எவரும் கேட்பதில்லையே என்று அவர் சொன்னது தாளாளருக்குப் பிடித்துவிட்டது. ஆனால் நிபந்தனை வைத்தார். மூன்று நாள் கெடு. உண்டியலில் ஒரு கத்தியாவது விழுந்திருந்தால் பையன் இருக்கலாம். இல்லையென்றால் டீ.சி., கூடவே போலீஸ் புகார்.

கத்தி நுழையும்படி வாயை அகலமாக வெட்டிய உண்டியலைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் வைத்தார்கள். அந்தப் பக்கத்துக் கேமரா சுவரைப் பார்க்கத் திருப்பப்பட்டது.

இன்று கெடு முடிந்தது. அறைக்கு வெளியே கதிரவன் தலைகுனிந்து நின்றான். அவனுடைய அம்மா பொன்னுத்தாயி மட்டும் வாசல்வரை வந்து எட்டிப் பார்த்தாள்.

"மேடம், எப்படியாச்சும் எம்பிள்ளைய பரீட்சை எழுத வச்சிருங்க. இனிமே இப்படி வராது. வீட்டுல அருவாமணையக்கூட ஒளிச்சு வச்சிட்டேன்."

பி.டி. மாஸ்டர் முத்துராமன் விக்கெட் கீப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு வந்தார். மூடிமேல் யாரோ சந்தனமும் குங்குமமும் அப்பியிருந்தார்கள். அதைப் பார்த்துத் தாளாளர் முகத்தைச் சுளித்தார். முத்திரையை உடைத்து இரண்டு பூட்டையும் திறந்தார்கள்.

முதலில் வந்தவை சில்லறைக் காசுகள். பிறகு மஞ்சள் துணியில் முடிந்த ஒரு ரூபாய். பிறகு, 'கணக்குல பாஸாகணும் பிள்ளையாரப்பா' என்று பென்சிலில் எழுதிய ஒரு துண்டுத் தாள். சின்ன வகுப்புப் பிள்ளைகள் மூன்று நாளும் உண்டியலைக் கும்பிட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

"அம்புட்டுத்தேன் போல" என்று சிரித்தார் தாளாளர். "ஒங்க உண்டியல் பிள்ளையார்பட்டிக்கே போட்டியா வந்துருச்சு மேடம்."

நீலாயதாட்சி சிரிக்கவில்லை. "கைய நல்லா உள்ள விடுங்க மாஸ்டர்" என்றார்.

முத்துராமனின் கை எதிலோ இடறி நின்றது. மெல்ல வெளியே எடுத்தார். மடக்குக் கத்தி.

தாளாளரின் சிரிப்பு நின்றுபோனது. அடுத்ததாகப் பழம் நறுக்கும் கத்தி ஒன்று வந்தது. அதையடுத்து மரப்பிடி போட்ட குட்டைக் கத்தி. தாளாளர் நாற்காலியை விட்டு எழுந்து மேசையருகே வந்துவிட்டார். வாசலில் பொன்னுத்தாயி மகனின் கையை எட்டிப் பிடித்துக்கொண்டாள்.

நீலாயதாட்சி பெருமூச்சு விட்டார். "போதும் மாஸ்டர், மூடிருங்க."

"இருங்க மேடம். அடியில என்னமோ இடிக்குது."

முத்துராமன் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு முழங்கைவரை உள்ளே விட்டார். பிடி உடைந்த கதிர் அரிவாள் வந்தது. கைப்பிடிக்குத் துணி சுற்றிய சைக்கிள் செயின் வந்தது. ஸ்கேலில் நூலால் இறுக்கிக் கட்டிய பிளேடு வந்தது. கடைசியாக, விரல்களில் மாட்டிக் குத்தும் இரும்பு வளையம்.

மூன்று கத்திகளையும் ஒரு பக்கமும் பின்னால் வந்த நான்கையும் மறு பக்கமுமாக அடுக்கிவிட்டு முத்துராமன் கையைத் துடைத்துக்கொண்டார். நீலாயதாட்சி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார்.

தாளாளர் டீ.சி.யை எடுத்து நான்காகக் கிழித்தார். கதிரவனை உள்ளே கூப்பிட்டு, அவன் சொன்னது நிஜம்தான் என்றும், வகுப்புக்குப் போகலாம் என்றும் அவரே சொன்னார். பஸ் ஏறும் இடத்தில் நாளையிலிருந்து இரண்டு ஆசிரியர்கள் நிற்கட்டும், உண்டியல் இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்று முத்துராமனுக்கு உத்தரவு போட்டார். பொன்னுத்தாயி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். பையன் படியிறங்கி வகுப்பை நோக்கி ஓடியே போய்விட்டான்.

எல்லோரும் போன பிறகு தாளாளர் வாசலில் நின்று திரும்பினார்.

"ஒண்ணு கேக்கணும் மேடம். இந்தக் காலத்துப் பிள்ளைகள எப்படி இம்புட்டுத் தூரம் நம்புனீக?"

நீலாயதாட்சி ஒரு பக்கமாகக் கிடந்த மூன்று கத்திகளையும் எடுத்து மேசை இழுப்பறைக்குள் வைத்தார். உண்டியல் காலியாகத்தான் இருக்கும் என்று பயந்து, நேற்றுச் சாயங்காலம் பிள்ளைகள் போன பிறகு, அந்த மூன்று கத்திகளையும் கடையில் வாங்கிவந்து போட்டவர் அவரேதான். அவற்றுக்கு அடியில் கிடந்த நான்கும் அப்போதே உள்ளே இருந்திருக்கின்றன.