எவ்விதக் காரணமுமின்றி

"இன்னிக்கும் ஒன்பது முப்பத்திரண்டு!" என்று கைரேகை மெஷினை முறைத்தார் தபால் பிரிவுக்காரர்.

மெஷினுக்கு முறைப்பெல்லாம் உறைக்காது. ஒன்பது முப்பதைத் தாண்டி வைத்த விரலுக்குச் சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டு அது பாட்டுக்கு அடுத்த விரலுக்குக் காத்திருக்கும். மாதத்தில் மூன்று சிவப்பு விழுந்தால் அரை நாள் லீவு போச்சு.

டிராப்ட் அக்காவுக்கு அன்று விழுந்தது இரண்டாவது சிவப்பு.

பிரிவில் எந்தக் கடிதமானாலும் முதலில் எழுதித் தருவது அக்காதான். அதனால் வந்த பெயர் அது.

மூன்று வருஷமாக வீட்டிலிருந்தே வேலை பார்த்தவர்களை, முதல் தேதியிலிருந்து ஆபீசுக்கு வரச் சொல்லிவிட்டது அரசு. எப்படி வருவது என்பதற்கும் ஒரு சுற்றறிக்கை வந்தது. ரயிலில் வரலாம், மெட்ரோவில் வரலாம், நாலு பேர் சேர்ந்து ஒரே காரில் வரலாம், சைக்கிளிலும் வரலாம். பறந்து வரலாம் என்பது ஒன்றுதான் பாக்கி.

அக்கா வீட்டுப் பக்கம் ரயிலும் மெட்ரோவும் எட்டிக்கூடப் பார்க்காது. இருந்தது ஒன்றே ஒன்று, ஊழியர்களுக்கென்று விட்ட ஸ்பெஷல் பஸ். அவர் வீட்டிலிருந்து பத்து நிமிஷ நடையில்தான் அது புறப்படும் இடம். ஆபீஸ் வாசலுக்கு ஒன்பது இருபத்தைந்துக்கு வர வேண்டும். வந்தால்தானே!

"எங்க ஸ்டாப்புக்கு வரும்போதே லேட்டுக்கா" என்றாள் டைப்பிஸ்ட் பெண். "எங்கேதான் உக்காந்து ஊர்க்கதை பேசிட்டு வர்றாரோ அந்த டிரைவர்!"

"அதை என்னைக் கேளு" என்றார் அக்கா. "நான்தான் முதல் ஸ்டாப்புல ஏறுறேனே. தினமும் கண்ணால பார்க்கிறேன். நான் போகும்போதுகூட வண்டியைக் கிளப்பாம, கையில துணியை வச்சுக்கிட்டுக் கண்ணாடியைத் துடைச்சுட்டு நிக்கிறாரு. அப்படி என்னதான் அழுக்கோ!"

"அநியாயமா இருக்கே" என்றார் தபால் பிரிவுக்காரர். "ஒரு மனு போட்டுடுவோம். நீங்க எழுதினா அது நிக்கும்."

அக்காவுக்கும் வேகம் வந்தது. வீட்டில் கணவர் இடுப்பெலும்பு உடைந்து படுத்த படுக்கை. அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவதற்காகவே லீவைப் பொத்திப் பொத்தி வைத்திருக்கிறார். யாரோ ஒருவர் நின்று நிதானமாகக் கண்ணாடி துடைப்பதற்கு அதை எதற்குப் பலி கொடுக்க வேண்டும்?

மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே மனு தயார்.

'பொருள்: ஊழியர் சிறப்புப் பேருந்து – காலதாமதம் – நடவடிக்கை கோருதல் – தொடர்பாக' என்று தொடங்கி, 'மேற்படி ஓட்டுநர் முதல் நிறுத்தத்தில், எவ்விதக் காரணமுமின்றி, கண்ணாடியைத் துடைத்தபடி காலம் கடத்துகிறார்' என்று முடித்திருந்தார்.

"அந்த 'எவ்விதக் காரணமுமின்றி' இருக்கே, அங்கேதான் நீங்க நிக்கிறீங்கக்கா" என்றாள் டைப்பிஸ்ட்.

பதினெட்டுப் பேர் கையெழுத்துப் போட்டார்கள். முதல் கையெழுத்து அக்காவுடையது.

அடுத்த திங்கட்கிழமை.

கணவரைப் பார்த்துக்கொள்ளும் ஆயா வழக்கம்போல் எட்டு மணிக்கு வந்தாள். எந்த மாத்திரை எப்போது என்று அவளுக்குச் சொல்லி, கணவரின் தலையணையைச் சரிசெய்து, "சீக்கிரம் வந்துடறேங்க" என்று சொல்லிவிட்டு, பச்சைக் குடையை விரித்துக்கொண்டு வழக்கமான நடையில் கிளம்பினார் அக்கா.

முக்கு திரும்பினார். பஸ்ஸைக் காணோம்.

கூண்டு மாதிரி இருந்த அறையில் டைம் கீப்பர் தனியாக உட்கார்ந்திருந்தார்.

"பஸ் இன்னும் வரலையாங்க?"

"அது போய் நாலு நிமிஷம் ஆச்சேம்மா."

"போயிடுச்சா? எப்பவும் இந்த நேரத்துக்கு நிக்குமே!"

"எட்டு பத்துக்கு எடுக்கணும்மா அந்த வண்டி. இப்ப மணி எட்டு பதினாலு." அவர் சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார். "யாரோ மகராசனுங்க மனு போட்டுட்டாங்க. இன்னிக்கு இன்ஸ்பெக்டரே பக்கத்து சீட்டுல ஏறி உக்காந்துட்டாரு. டிரைவர் மனுஷன் என்ன செய்வாரு? முக்கைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கிட்டே எடுத்துட்டுப் போனாரு."

"முக்கையா? எதுக்கு?"

"என்னம்மா இப்படிக் கேக்குறீங்க? அந்த முக்குல உங்க பச்சைக் குடை தெரியுற வரைக்கும்தானே அவர் தினம் கண்ணாடி துடைப்பாரு! முதல் நாள் நீங்க மூச்சு வாங்க ஓடி வந்து, 'வீட்ல அவருக்கு முடியலை, ஆயா எட்டு மணிக்குத்தான் வருவா'ன்னு போன்ல யார்கிட்டயோ சொன்னீங்களாமே."

அக்கா குடையை மடக்கினார். மடக்கிய குடையை என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி விரித்தார். மனுவின் நகல் கைப்பையில்தான் இருந்தது.

"விளக்கம் கேட்டு மெமோ வந்துச்சும்மா. உங்களைப் பத்தி ஒரு வரி எழுதியிருந்தா, போனாப் போகுதுன்னு விட்டிருப்பாங்க. நானே சொன்னேன். 'வேணாம்ப்பா, அந்தம்மாவுக்கு ஆபீஸ்ல பேரு கெட்டுடும்'னு எழுத மாட்டேன்னுட்டாரு."

"பின்னே..." அக்கா கூண்டை ஒட்டி வந்து நின்றார். "என்னதான் எழுதினாரு?"

"மனுவுல 'எவ்விதக் காரணமுமின்றி'ன்னு ஒரு வரி இருந்துச்சாம். அதுக்கு நேரா, 'உண்மைதான்'னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டாரும்மா."