சீனி சுற்றிய தாள்

"முதலாளி, ஒங்க ஓதுற கித்தாபக் கிழிச்சி இப்பிடித்தான் சீனி சுத்துவீங்களா?"

விஜயகலா கேட்ட கேள்வியில், தராசுத் தட்டில் சீனி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்த முக்தார் முதலாளியின் கை அப்படியே நின்றது. புளத்கொகுபிட்டிய பஸாரில் அது காலை நேரம். கடையில் ஒரே ஒரு சிங்களப் பெரியவர்தான் நின்றார். "பொட்டக் இன்ன மஹத்தயா" என்று அவரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு முக்தார் இவள் பக்கம் திரும்பினார்.

"என்ன புள்ள, காலத்தாலயே சண்டைக்கு வந்தீக்கி?"

அவள் கசங்கிய தாள் ஒன்றை மேசையில் வைத்தாள்.

"இது இந்து நாகரிகப் புத்தகம். ஏஎல் பரீட்சப் பாடம். எங்க சாமி புத்தகம் ஒங்களுக்கு சீனி சுத்தவும் மல்லி சுத்தவும் ஆயிருச்சி. நாளைக்குக் கருவாடும் சுத்துவீங்க."

"கருவாடா? இத்தின நாளா ஒங்கட லயத்துக் காம்பராவுக்கு வந்த ஒரு தாளிலயாவது கருவாட்டு வாசன அடிச்சிச்சா? செல்லு பாப்பம்."

அடித்ததில்லை. ஆனால் அதை ஒப்புக்கொள்ள அவள் வரவில்லை. உண்மையில் சண்டை பிடிக்கவும் வரவில்லை, மிச்சப் புத்தகத்தைக் கேட்கத்தான் வந்தாள். கெஞ்சிப் பழக்கமில்லாத வாய், கேட்க வந்ததைச் சண்டையாக்கிவிட்டது.

போன வருசம் அவள் அண்ணன் அஜந்தனைக் கொழும்பில் பொலிஸார் சந்தேகத்தில் பிடித்துக்கொண்டு போனார்கள். பையில் தமிழ்ப் புத்தகங்கள் இருந்தன, அதைத் துருவித் துருவிக் கேட்டே நாலு மாதம் உள்ளே வைத்திருந்தார்கள். அவன் வந்து சேர்ந்த கையோடு அப்பா ஏழுமலை வீட்டிலிருந்த புத்தகம் அத்தனையையும் அள்ளி அடுப்பில் போட்டார். தோட்டத்து லய வீடுகளைச் சோதனை போட வருவார்கள் என்று பயம். அதோடு விட்டாரா? மாரியம்மன் கோயிலில் தோட்டமே பார்க்க, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அணைத்து, "இனி ஏங் காம்பராவுக்குள்ள ஒரு புத்தகம் நுழையாது" என்று சத்தியமும் பண்ணினார்.

அன்றிலிருந்து விஜயகலா அப்பாவோடு பேசுவதில்லை. சோற்றைப் போட்டுத் தட்டை நகர்த்துவாள், அவ்வளவுதான். ஆனால் அவருக்குத் தெரியாமல் டீச்சரின் விலாசத்தைக் கொடுத்துப் பரீட்சைக்கு விண்ணப்பம் போட்டாள். வேறு பாடங்களுக்கு டீச்சர் வீட்டில் இருந்து படித்தாள். இந்து நாகரிகத்துக்கு மட்டும் டீச்சரிடமே புத்தகம் இல்லை. கோயிலுக்குப் போய், "நீயாவது பாத்துக் குடு" என்று அம்மனிடம் சண்டைதான் போட்டாள்.

தைப்பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை, அப்பா பஸாரிலிருந்து கொண்டுவந்த சீனிப் பொட்டலத்தைப் பிரித்தாள். முதல் அத்தியாயம், முதல் பக்கம்.

அடுத்து மல்லிப் பொட்டலம். மூன்றாம் பக்கம்.

தாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அதற்குப் பிறகு வாராவாரம் மூன்று தாள், வரிசை பிசகாமல் வந்தது. ஒட்டிய சீனியைத் தட்டி, பாய்க்கடியில் வைத்து நிமிர்த்திப் படித்தாள். ஆறு மாதத்தில் நூற்றைம்பது பக்கம் தாண்டிவிட்டது. இன்னும் எழுபது பக்கமாவது இருக்கும். பரீட்சைக்கு மூன்றே வாரம்.

"மிச்சத்தத் தாங்க முதலாளி. காசு தாறேன்."

"தார ஏலா புள்ள."

"கிழிச்சி எறியிற தாளுதானே?"

"அது என்ட சாமான் இல்ல. இன்னொருத்தர் நம்பித் தந்த அமானிதம். கேட்டா குடுக்க ஏலா, விக்கவும் ஏலா."

"பொய் சொல்லாதீங்க. இன்னொருத்தர் சாமான்ல எதுக்கு எங்களுக்கு சீனி சுத்துறீங்க?"

முக்தார் சீனியை நிறுத்துச் சிங்களப் பெரியவருக்குக் கொடுத்து அனுப்பினார். வெறும் பத்திரிகைத் தாளில்தான் சுற்றினார். விஜயகலாவுக்கு ஆத்திரம் தலைக்கேறியது.

"சரி, குடுக்காதீங்க. எனக்கு மாரியம்மா இருக்கா. சூடம் அணச்ச மனுசன் தலையிலயே அவ புத்தகத்தச் சொமக்க வச்சாளே! ரப்பர் பால் வெட்டுற கத்தியத் தவிர வேற ஒன்னும் தெரியாத மடையன். வாராவாரம் தாந்தான் சொமந்துட்டு வாறோம்னுகூட அந்தாளுக்குத் தெரியல. நெனச்சி நெனச்சி சிரிக்கிறேன்."

முக்தாரின் முகம் மாறியது. தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"செல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்தீக்கேன். அல்லாஹ் மன்னிக்கட்டும். பெத்தவர மடையன்னு செல்றத கேட்டுக்கிட்டு நிக்க ஏலா புள்ள."

மேசைக்கு அடியிலிருந்து, பாதிக்கு மேல் கிழிபட்ட அந்தப் புத்தகத்தை எடுத்துக் காட்டினார்.

"கேகாலைக்கிப் போய் இத வாங்கிட்டு வந்து என்ட கையில தந்ததே ஒங்கட வாப்பா ஏழுமலைதான். சூடம் அணச்சது புத்தகத்துக்காம், சீனி சுத்துற தாளுக்கு இல்லையாம். நேத்தும் வந்தாரு, 'முதலாளி, பரீட்ச கிட்டக்க வந்திருச்சி, இந்த ஞாயித்துக்கெழமையிலேருந்து சாமான் எல்லாத்தையும் அம்பது அம்பது கிராமா பிரிச்சி சுத்துங்க'ன்னு செல்லிட்டுப் போனாரு."