தொடாத கோப்பை

காபி வந்தது. நசீப் ஐயா அதைத் தொடவில்லை.

லெபனானில் இது எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். ஒன்றைக் கேட்டு வந்தவன், கேட்டது கிடைக்கும்வரை காபியைக் கையில் எடுக்கமாட்டான். கொடுத்தேன் என்று வீட்டுக்காரன் வாக்குச் சொன்ன பிறகுதான் குடிப்பான். குடித்துவிட்டால் பகை தீர்ந்தது. அதற்குப் பிறகு பழி என்ற பேச்சே எடுக்கக்கூடாது.

ஐயா அமைச்சராக இருந்தவர், தூதராக இருந்தவர். பெய்ரூத்தில் எந்தத் தெருவை எந்தக் கும்பல் மறித்து நின்றாலும் அவர் காருக்கு மட்டும் வழி கிடைக்கும். அதை ஓட்டுகிறவன் என்ற திமிர் எனக்கும் உண்டு. அன்று அந்தத் திமிரெல்லாம் வாசலோடு நின்றுவிட்டது; காவலுக்கு நின்றவன் கார் சாவிகளை என்னிடமிருந்து வாங்கி வைத்துக்கொண்டான்.

எதிரே அபு வஜீஹ். அந்தப் பகுதியின் ஆயுதக் குழுத் தலைவன். ஐயாவின் ஒரே மகன் ரம்ஸியைப் போன வாரம் சோதனைச்சாவடியில் பிடித்துக்கொண்டு போனது அவன் ஆட்கள்தான்.

"என்ன ஐயா, விஷமா வச்சிருக்கேன்? இல்ல, பாரிஸ் காபிதான் தொண்டையில இறங்குமா?"

அவன் சிரித்தான். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். ஐயா சிரிக்கவில்லை.

"என் பையனக் கொடுத்துடு அபு வஜீஹ். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

 

அபு வஜீஹ் நெஞ்சில் கை வைத்தான். "கொடுத்தாச்சு. உங்க கார்லயே ஏத்தச் சொல்லிட்டேன். ஆறிடப்போகுது, குடிங்க."

ஒப்பந்தத்தில் ஒரே ஒரு வரிக்காக விடிய விடிய மல்லுக்கட்டுகிற மனிதர், அன்று மேற்கொண்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெற்ற மனம். ஒரே மடக்கில் குடித்தார். அத்தனை பேர் முன்னாலும், "நமக்குள்ள இனி பகை இல்ல" என்றார்.

அபு வஜீஹும் குடித்தான். எழுந்து வந்து அவர் கன்னங்களில் முத்தமிட்டான்.

ஐயா படிகளில் ஓடினார். அவர் ஓடி நான் பார்த்ததே இல்லை. நானும் பின்னாலேயே ஓடினேன்.

காரின் பின் இருக்கை காலியாக இருந்தது. முன் இருக்கையிலும் ஆளில்லை.

"ரம்ஸி!" என்று கத்தினார், தெருவைப் பார்த்து.

காவலுக்கு நின்றவன் எங்கள் முகத்தைப் பார்க்காமல் டிக்கிச் சாவியை என் கையில் வைத்தான்.