ஒதுங்கு

அகராதி அலுவலகத்தில் அன்று எனக்கு வந்த வினைச்சொல் 'ஒதுங்கு'. அதன் பழைய பொருளையும் அட்டையில் எழுதினேன்: எதிரே மேல்சாதிக்காரர் வந்தால் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு பாதையை விட்டு இறங்கி நிற்பது. என் அப்பா அப்படி நின்றிருக்கிறார்.

பதிப்பாசிரியர் சதானந்தம் படித்துவிட்டுச் சிரித்தார்.

"மழைக்கு ஒதுங்கினான்னு போட்டா போதாதா, மாரிக்கனி? இதெல்லாம் இப்ப வழக்குலயே இல்லம்மா. அடிச்சிடு."

"நான் அடிக்க மாட்டேன் சார். வேணும்னா நீங்களே அடிச்சுக்கங்க."

எரிச்சலோடு போய்த் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினேன். இரண்டு பக்கமும் புத்தக அலமாரிகள். நடுவில் ஒரு ஆள்தான் போகலாம். எதிரே அவர் வந்துகொண்டிருந்தார். கையில் என் அட்டையும் சிவப்புப் பேனாவும். அட்டையிலிருந்து தலையை நிமிர்த்தவேயில்லை, வேகமும் குறையவில்லை.

முதுகு அலமாரியில் இடித்தபோதுதான் என் கால்கள் தாமாக நகர்ந்திருப்பது தெரிந்தது. ஒரு செருப்பு பாதி கழன்றிருந்தது. அதை மாட்டிக்கொண்டு நடுவழிக்கு வந்து நின்றேன்.

அவரும் நின்றார். "என்னம்மா?"

"அந்தப் பொருளுக்கு எடுத்துக்காட்டு எழுதல சார். இப்ப நான் ஒதுங்கினதையே எழுதிக்கங்க."

பேனாவை மூடவும் இல்லை, எழுதவும் இல்லை அவர். நான் நகரவில்லை.