தங்கபுஷ்பத்தின் கலம்

மனைவி தங்கபுஷ்பத்தின் அஸ்தியைச் சுமந்த கலம் குலசேகரப்பட்டினத்திலிருந்து விண்ணுக்குக் கிளம்பியதும், "திரும்பிப் பாக்காம நடங்க அண்ணாச்சி" என்றார்கள் சொந்தக்காரர்கள். லிங்கத்துரை பார்க்கவில்லை. சூரியனின் பிடியைத் தாண்டிப் போகிற கலம், இனி வராது என்று நிறுவனத்தார் உறுதி சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள்.

ஐந்து வருடம் தனியாக இருந்து பார்த்தார். கடைசியில் கோயம்புத்தூரில் மகள் வீட்டோடு போய்விடலாம் என்று பாத்திரங்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தபோது, கலம் அனுப்பிய நிறுவனத்திலிருந்து ஒரு பெண் அழைத்தாள்.

"அண்டத்துல கண்ணுக்குத் தெரியாத பொருள் நிறைய இருக்குனு நம்பிட்டிருந்தோம் சார். அப்படி எதுவும் இல்லையாம். ஈர்ப்பு விசைக் கணக்குதான் தப்பாம். எவ்வளவு தூரம் போனாலும் சூரியன் பிடியை விடாதாம். அதனால உங்க மனைவியோட கலம் திரும்பி வந்துரும். சொல்ல வேண்டியது எங்க கடமை. மன்னிச்சிருங்க."

"எப்பம்மா வருவா?"

"பல லட்சம் வருஷம் ஆகும் சார்."

லிங்கத்துரை போனை வைத்துவிட்டு, அடுக்கிய பாத்திரங்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். பிறகு மகளைக் கூப்பிட்டார்.

"நான் அங்க வரல தாயி."

"ஏம்ப்பா, என்னாச்சு?"

"அம்மா வாரா. வரும்போது வீடு பூட்டிக் கெடந்தா நல்லாயிருக்காது."